இணையதளத்தில் தமிழ் உடைந்தால்: பக்கத்தை விடுங்கள், பைட்டைப் பாருங்கள்

சர்வர் மாற்றிய மறுநாள், தளத்தில் ‘வேலூர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் ®, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ என்று வரிசைகட்டி நிற்கிறதா? பெரும்பாலும் தரவு இன்னும் அழியவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் பதறிப்போய் அடிக்கும் கட்டளைதான் அதை அழிக்கும். ‘மொத்த டேபிளையும் யூடிஎஃப்8க்கு (எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) மாற்று’ என்கிற ஒற்றை வரிக் கட்டளை எங்கும் கிடைக்கும். சில நோய்க்கு அது மருந்து, சில நோய்க்கு விஷம். எந்த நோய் என்று தெரிந்த பிறகுதான் கையில் எடுக்க வேண்டும்.

இங்கே சொல்வது மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற இரண்டு தரவுத்தளங்களுக்கும் பொருந்தும். ‘வரிசை’ என்றால் டேபிளின் ரோ. ‘காலம்’ என்றால் நேரமல்ல, டேபிளில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தி (column). தளம் பிஹெச்பி மொழியில் ஓடுவதாக வைத்துக்கொள்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஹெக்ஸ் எண்களில் (பதினாறை அடியாகக் கொண்டவை, ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம்) வரும் எழுத்துகளும் அப்படியே: ஏ, பி, சி, டி, ஈ, எஃப்.

அந்த ஏயும் ®-ம் எங்கிருந்து வந்தன

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, மொத்தம் 128. யூடிஎஃப்8 முறையில் இதில் ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஈ0. இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்தப் பைட்டுகளை லத்தீன் எழுத்து என்று நினைத்து யாராவது படித்தால் ஈ0 சாய்கோட்டு ஏ ஆகிவிடும், ஏஈ ® ஆகிவிடும், ஏஎஃப் ¯ ஆகிவிடும். அதனால்தான் எந்தத் தமிழ்ச் சொல் உடைந்தாலும் ஒரே முகமாகத் தெரிகிறது.

வேலூர்ப் பக்கத்துத் தளங்களில் தமிழ் மட்டும் இருப்பதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளப் பலகை தொங்குவது போல, அவர்களின் தளத்திலும் வங்காள வரி இருக்கும். குடியாத்தம், காட்பாடி பக்கம் தெலுங்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரத்துத் தளங்களில் உருது வரும். உடைந்த நிலையிலும் எது எந்த மொழி என்று கண்டுபிடிக்கலாம். சாய்கோட்டு ஏயை அடுத்து ® அல்லது ¯ வந்தால் தமிழ். ¦ அல்லது § வந்தால் வங்காளம். ° அல்லது ± வந்தால் தெலுங்கு. உருது எழுத்துக்கு 2 பைட்தான், அது ஈ0-வில் தொடங்காது. குறுக்கே கோடு போட்ட ஓவும் சாய்கோட்டு யூவும் மாறி மாறி வரும். யாருக்கும் படிக்கத் தெரியாத வரியைச் சரிபார்க்கும்போது இது கைகொடுக்கும்.

நோய் எது: மூன்று எண்களில் தெரிந்துவிடும்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் உள்ள வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேலூர்’ என்றே வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து போலத் தெரிந்தாலும் கணினிக்கு இது ஆறு குறி: வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. ஆறு மூன்று பதினெட்டு பைட். இப்போது இதைக் கேளுங்கள்:

செலக்ட் லெங்த்(பெயர்), கேர்_லெங்த்(பெயர்), ஹெக்ஸ்(பெயர்) ஃப்ரம் ஊர்கள் வேர் ஐடி = 7;

இதில் ‘ஊர்கள்’ டேபிள், ‘பெயர்’ காலம். லெங்த் பைட் எண்ணிக்கை, கேர்_லெங்த் குறிகளின் எண்ணிக்கை, ஹெக்ஸ் அந்தப் பைட்டுகளே. 18, 6 என்று வந்து ஹெக்ஸ் ‘ஈ0ஏஈபி5’ என்று தொடங்கினால் தரவு ஆரோக்கியமாக இருக்கிறது. கோளாறு இணைப்பிலோ (பிஹெச்பி தரவுத்தளத்தோடு பேசும் வழி) பக்கத்தின் தலைப்பிலோதான் (சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடர்). டேபிளில் கை வைக்கவே கூடாது.

18, 18 என்று வந்து ஹெக்ஸ் அதே ‘ஈ0ஏஈபி5’ என்றால், பைட்டுகள் சரி, பெயர்ச்சீட்டு தப்பு. லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துக்கு ஒரு பைட் வீதம் தரும் குறியேற்றம், அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறை) என்று அறிவித்த காலத்துக்குள் யூடிஎஃப்8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் எதுவும் சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் அது லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ ஆகத்தான் பிறக்கும். பழைய தளங்களில் அதிகம் காண்பது இதுதான்.

38, 18 என்று வந்து ஹெக்ஸ் ‘சி3ஏ0சி2ஏஈ’ என்று தொடங்கினால் இரட்டைக் குறியேற்றம். பதினெட்டு பைட்டையும் பதினெட்டு லத்தீன் எழுத்தாக நினைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி யூடிஎஃப்8 ஆக்கிச் சேமித்திருக்கிறது.

6, 6, ஹெக்ஸ் முழுக்க ‘3எஃப்’ என்றால் ஆறு கேள்விக்குறிதான் மிச்சம். எழுத்து போய்விட்டது. ‘ஈஎஃப்பிஎஃப்பிடி’ என்று கண்டாலும் அதே கதைதான். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும் அந்தக் குறியே உள்ளே சேமிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

ஒன்று கவனியுங்கள். பக்கத்தில் கேள்விக்குறி தெரிந்தாலே தரவு போய்விட்டதாக முடிவுகட்ட வேண்டாம். இணைப்பு லத்தீன்1-இல் இருந்தால், உள்ளே தமிழ் நன்றாக இருந்தும் வெளியே வரும்போது கேள்விக்குறியாக மாறும். ஹெக்ஸ் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத குறை. தரவுத்தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனை வருடம் எப்படி ஒழுங்காகத் தெரிந்தது

இதைப் புரிந்துகொள்ளாமல் சரிசெய்யப் போனால் மறுபடி உடையும். பழைய பிஹெச்பி நிரல் இணைப்பின் குறியேற்றத்தைச் சொல்லவே இல்லை. சர்வர் லத்தீன்1 என்று எடுத்துக்கொண்டது. பதினெட்டு பைட் உள்ளே போகும்போது தப்பாக மாற்றியது, வெளியே வரும்போது அதே தப்பைத் தலைகீழாகச் செய்தது. போன வழியே திரும்பி வந்ததால் பக்கத்தில் தமிழ் சரியாகத் தெரிந்தது. இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன.

புதிய சர்வரில் இயல்பான இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (குறையில்லாத யூடிஎஃப்8, விவரம் பின்னால் வரும்). உள்ளே போன தப்பு அப்படியே இருக்க, வெளியே வரும் தப்பு மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் ‘யாரும் எதையும் தொடவில்லையே’ என்று எல்லாரும் சத்தியம் செய்யும் நாளில் தளம் உடைகிறது.

இந்த நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய, பிஹெச்பிமைஅட்மினில் (தரவுத்தளத்தை உலாவியில் திறந்து பார்க்கும் கருவி) அதே வரிசையைத் திறந்து பாருங்கள். அது யூடிஎஃப்8 இணைப்பில்தான் பேசும். தளத்தில் நல்ல தமிழும் பிஹெச்பிமைஅட்மினில் குப்பையும் தெரிந்தால் நோய் உண்டு. குப்பையாகத் தெரிகிறதே என்று அங்கேயே யாராவது நல்ல தமிழைத் தட்டிச் சேமித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே காலத்துக்குள் சில வரிசை நல்லது, சில வரிசை இரட்டை என்று கலந்துவிடும். உண்மையில் நேரம் தின்பது இந்தக் கலப்புதான்.

கை வைக்கும் முன்

தளத்தைப் பராமரிப்பு நிலையில் போட்டுப் புதிய பதிவுகளை நிறுத்துங்கள். முழு டம்ப் (தரவுத்தளத்தின் கோப்பு நகல்) ஒன்று எடுங்கள். மாற்றப் போகும் டேபிளுக்கு உள்ளேயே ஒரு நகலும் வையுங்கள்: கிரியேட் டேபிள் ஊர்கள்_பழையது லைக் ஊர்கள், அடுத்து இன்சர்ட் இன்டூ ஊர்கள்_பழையது செலக்ட் * ஃப்ரம் ஊர்கள். வழியில் ஏதாவது தவறினால் டம்பைத் தேடி ஓடுவதைவிட இது வேகம்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப் எடுப்பவர்கள் ‘>’ குறியால் கோப்புக்குத் திருப்ப வேண்டாம். பழைய பவர்ஷெல் அதை யூடிஎஃப்16 ஆக எழுதிவிடும். ரிசல்ட்-ஃபைல் தேர்வைக் கொடுத்து எடுங்கள். எடுத்த டம்பை நோட்பேடில் திறந்து ‘சும்மா ஒரு பார்வை’ பார்த்துச் சேமிப்பதும் கூடாது.

18-18 நோய்க்கு: பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுதல்

இங்கே கன்வர்ட் டூ கேரக்டர் செட் கட்டளையை நேராக அடித்தால் அதுதான் விஷம். சர்வர் உள்ளே இருப்பதை நிஜ லத்தீன் எழுத்து என்று நம்பி ஒவ்வொன்றையும் மாற்றும். 18-18 நோய் 38-18 நோயாகிவிடும். பைட்டைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு நடுவில் ஒரு படி: காலத்தை முதலில் ‘இது எழுத்தே இல்லை, வெறும் பைட்’ என்று ஆக்குவது.

ஆல்டர் டேபிள் ஊர்கள் மாடிஃபை பெயர் வார்பைனரி(255);

ஆல்டர் டேபிள் ஊர்கள் மாடிஃபை பெயர் வார்சார்(255) கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 கொலேட் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோடு_சிஐ நாட் நல்;

டெக்ஸ்ட் காலத்துக்கு ப்ளாப், மீடியம்டெக்ஸ்டுக்கு மீடியம்ப்ளாப். சார் காலத்தை பைனரி ஆக்கினால் மிச்ச இடத்தைச் சுழிப் பைட்டால் நிரப்பிவிடும், அதற்கும் வார்பைனரியே போடுங்கள். மாடிஃபை கட்டளை பழைய விவரங்களை நினைவில் வைக்காது; நாட் நல், டிஃபால்ட், கமென்ட் எல்லாவற்றையும் திரும்ப எழுதாவிட்டால் அவை காணாமல் போகும். ஷோ கிரியேட் டேபிள் வெளியீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுங்கள். ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) இருந்தால் முதலில் நீக்கிவிட்டுக் கடைசியில் மறுபடி போட வேண்டும்.

இரண்டாவது கட்டளை 1366 பிழையோடு நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. அது காட்டும் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் பாதியில் வெட்டுப்பட்ட தலைப்பாக இருக்கும். லத்தீன்1-இல் வார்சார்(255) என்றால் 255 பைட். தமிழுக்கு வெறும் 85 குறி. 255 மூன்றால் வகுபடும் என்பதால் இடைவெளி இல்லாத தமிழ் சரியாக எழுத்தின் ஓரத்தில் வெட்டுப்படும். ஆனால் ஓர் இடைவெளிக்கு ஒரு பைட் ஆகிறதே, அதனால் வெட்டு எழுத்தின் நடுவில் விழுகிறது. கடைசியில் அநாதையாக நிற்கும் ஒன்றிரண்டு பைட்டை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். போன மிச்சத் தலைப்பு திரும்பாது.

இண்டெக்ஸ் நீளம் மீறியது என்று பிழை வந்தால் பழைய இன்னோடிபி (டேபிளைச் சேமிக்கும் எந்திரம்) அமைப்பு. அதன் வரம்பு 767 பைட். எழுத்துக்கு 4 பைட் கணக்கில் 191 எழுத்துக்குமேல் இண்டெக்ஸ் போட முடியாது. டைனமிக் வரிசை அமைப்புக்கு மாற்றினால் வரம்பு 3072 ஆகும்.

ஏன் யூடிஎஃப்8 போதாது, எம்பி4 எதற்கு என்று கேட்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது எழுத்துக்கு 3 பைட் மட்டும் தாங்கும் குறைப் பதிப்பு. தமிழ் அதில் அடங்கும், ஸ்மைலி அடங்காது. பழைய பத்திரங்களில் வரும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளுக்கு யூனிகோடு 2019இல் தந்த இடமும் 4 பைட் பகுதியில்தான்.

38-18 நோய்க்கு: ஒரு சுற்று பின்னோக்கி

வந்த வழியே ஒரு முறை திரும்ப வேண்டும். ஆனால் நல்ல வரிசையின் மேல் இதை ஓட்டினால் அது கேள்விக்குறியாகிவிடும். அதனால் முதலில் செலக்ட், பிறகுதான் அப்டேட்.

செலக்ட் ஐடி, பெயர், கன்வர்ட்(காஸ்ட்(கன்வர்ட்(பெயர் யூசிங் லத்தீன்1) ஆஸ் பைனரி) யூசிங் யூடிஎஃப்8எம்பி4) ஃப்ரம் ஊர்கள் வேர் ஹெக்ஸ்(பெயர்) லைக் '%சி3ஏ0சி2%';

‘வேர்’ (where) என்பதற்குப் பின் வரும் இந்த நிபந்தனை தமிழ், வங்காளம், தெலுங்கு மூன்றையும் பிடிக்கும். நல்ல வரிசையில் இந்தப் பைட்டுகள் வராது. உருதுக்குத் தனியாக ‘சி398’, ‘சி399’ என்று தேடுங்கள். வெறும் ஆங்கில வரிசைகள் இதில் சிக்காது, சிக்கவும் தேவையில்லை.

இன்னொரு நிபந்தனையும் சேருங்கள்: லத்தீன்1க்குப் போய் யூடிஎஃப்8எம்பி4க்குத் திரும்பிய பிறகும் பைட் அளவில் பழையபடியே இருக்கும் வரிசை மட்டும். ஒரே பத்தியில் பாதி நல்ல தமிழ், பாதி உடைந்த தமிழ் என்று இருப்பவை இந்தச் சல்லடையில் நின்றுவிடும். அவற்றைக் கையால் பிரிப்பதே நல்லது. முடிவு கண்ணுக்குச் சரியாக இருந்தால் அதே நிபந்தனையோடு அப்டேட். ஒரு முறை ஓட்டியும் குப்பையாகவே இருந்தால் அது மூன்றடுக்கு. கேர்_லெங்த் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஒரு சுற்று.

இந்த வேலையைப் பைத்தானில் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு பள்ளம். விண்டோஸ்-1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்து இடங்கள் காலி. தமிழில் 8டி என்பது புள்ளியின் கடைசி பைட், 81 உகரக் குறியின் கடைசி பைட், 8எஃப்-உம் 90-உம் ஏகார ஐகார உயிர்கள். புள்ளியில்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 இந்தக் காலி இடங்களையும் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும். பைத்தானின் சிபி1252 அப்படியில்லை. பிழை கொடுத்து நிற்கும், ‘இக்னோர்’ போட்டால் புள்ளி இருந்த எழுத்தைக் குதறிவிடும். உடைந்த எழுத்தைச் சீராக்கும் எஃப்டிஎஃப்ஒய் நூலகத்தில் ‘ஸ்லாப்பி-விண்டோஸ்-1252’ என்று இதற்கென்றே ஒரு குறியேற்றம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். எல்லா எழுத்தும் திரும்பிவந்து புள்ளியும் உகரமும் மட்டும் இல்லை என்றால், இடையில் எங்கோ இப்படி ஒரு கருவி புகுந்திருக்கிறது.

கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டவை

இதற்கு மருந்து கிடையாது, மீட்பு மட்டும்தான். பழைய பேக்கப், பைனரி லாக் (தரவு மாற்றங்களின் பதிவேடு), இணையக் காப்பகமான வேபேக் மெஷின், பதிவு வந்ததும் போன மின்னஞ்சல்கள் என்று வேறிடத்து நகலைத் தேட வேண்டும். மீண்டும் நடக்காமலிருக்க எஸ்க்யூஎல்_மோடில் ஸ்ட்ரிக்ட் போட்டு வையுங்கள். காலத்தில் அடங்காத எழுத்து வந்தால் சத்தமில்லாமல் கேள்விக்குறி போடாமல் பிழை காட்டும்.

எண்ணாக மாறிய எழுத்துகள்

டேபிளில் ‘&#2997;’ என்ற மாதிரி இருந்தால், படிவம் இருந்த பக்கம் லத்தீனில் இருந்து, உலாவி தானே எழுத்தை எண்ணாக்கி அனுப்பியது. 2997 என்பது வகரம். தமிழுக்கான எண்கள் 2944 முதல் 3071 வரை. அந்த எல்லைக்குள் இருப்பதை மட்டும் எழுத்தாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்தால், அடைக்கப்பட்டிருந்த கோணக்குறிகளும் திறந்து, யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் உயிர்பெறும்.

இணைப்பும் தலைப்பும்: அதே இரவில்

தரவைச் சரிசெய்துவிட்டு இணைப்பை நாளைக்கு மாற்றலாம் என்று விட்டால் விடிவதற்குள் புதிய குப்பை சேர்ந்துவிடும். இரண்டையும் ஒரே பராமரிப்பு நேரத்தில் முடியுங்கள்.

பிஹெச்பியின் இணைப்பு நூலகம் மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் இணைந்ததும், முதல் வினவலுக்கு முன்பே, செட்_கேர்செட்('யூடிஎஃப்8எம்பி4'). பிடிஓ என்றால் இணைப்பு வரியிலேயே கேர்செட்=யூடிஎஃப்8எம்பி4. வேர்ட்பிரஸ் என்றால் கான்ஃபிக் கோப்பில் டிபி_கேர்செட். செட் நேம்ஸ் வினவலும் வேலை செய்யும். ஆனால் அது சர்வருக்கு மட்டும் சொல்கிறது, பிஹெச்பி பக்கத்து நூலகத்துக்குச் சொல்வதில்லை. குறித்த நேரத்தில் தானே ஓடும் க்ரான் வேலைகள், எஸ்எம்எஸ் அனுப்பும் தனி ஸ்கிரிப்ட் போன்ற மறந்துபோன மூலைகளில் தனி இணைப்பு இருக்கும். அதையும் தேடிப் பிடியுங்கள்.

பக்கத்துக்குக் கன்டென்ட்-டைப் தலைப்பில் கேர்செட்=யூடிஎஃப்-8 போக வேண்டும். மெட்டா டேக் மட்டும் போதாது. அப்பாச்சியில் வேறு ஆட்டிஃபால்ட்கேர்செட் இருந்தால் தலைப்புதான் வெல்லும். மெட்டா டேக் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கட்டும். பிஹெச்பி கோப்புகளைப் பிஓஎம் (கோப்பின் தலையில் ஒட்டும் மூன்று பைட் அடையாளம்) இல்லாத யூடிஎஃப்8 ஆகச் சேமியுங்கள்.

பதிவின் தலைப்பைச் சுருக்கிக் காட்டும் இடங்களில் சப்ஸ்ட்ர் இருந்தால் அது பைட்டை வெட்டும், முனையில் கறுப்பு வைரம் வரும். எம்பி_சப்ஸ்ட்ர் போட்டாலும் ‘வேலூர்’ ஐந்தாம் குறியில் வெட்டுப்பட்டு ‘வேலூர’ ஆகும். தமிழுக்கு ஏற்றது கிராஃபீம்_சப்ஸ்ட்ர்.

தேடினால் கிடைக்காத ஊர்கள்

எல்லாம் சரியாகத் தெரிந்தும் ‘பொய்கை’ என்று தேடினால் சில பதிவுகள் வராமல் போகும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமில்லை, லெங்த் கேட்டால் ஒன்று 18, மற்றது 21. சோளிங்கர், போளூருக்கும் இதே சிக்கல். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பிஹெச்பியின் நார்மலைசர் கொண்டு என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் வடிவுக்குக் கொண்டுவந்தால் தீரும்.

‘ஸ்ரீபுரம்’ மட்டும் அதற்கும் மசியாது. ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடு 2005இல் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். என்எஃப்சி இவ்விரண்டையும் ஒன்றாக்காது. உங்கள் தளத்துக்கு ஒன்றைத் தேர்ந்து, மற்றதை நீங்களே ரீப்ளேஸ் செய்ய வேண்டும். ஊர்ப்பெயர்கள் அகரவரிசையில் ழ, ள, ன இடம் மாறி நின்றால் யூடிஎஃப்8எம்பி4_ஜெனரல்_சிஐ கொலேஷனை (வரிசைப்படுத்தும் விதி) சந்தேகியுங்கள். அது யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும்.

டம்பில் தேடி மாற்றுபவர்களுக்கு

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மாவட்டப் பெயரை டம்ப் கோப்பிலேயே எடிட்டரில் தேடி மாற்றினால் வேர்ட்பிரஸ் அமைப்புகள் சில காணாமல் போகும். பிஹெச்பி சீரியலைஸ் செய்த (ஒரே சரமாகக் கட்டிய) தரவில் சொல்லுக்கு முன் பைட் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். ‘வேலூர்’ 18, ‘ராணிப்பேட்டை’ 36. சொல் மாறி எண் மாறாவிட்டால் மொத்த அமைப்பையும் படிக்க முடியாமல் கைவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை எண்ணையும் சேர்த்தே திருத்தும்.

எக்ஸலில் இருந்து ஏற்றும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். அப்போது கோப்பின் தலையில் ‘ஈஎஃப்பிபிபிஎஃப்’ என்ற மூன்று பைட் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காமல் ஏற்றினால் முதல் காலத்தின் பெயர் பொருந்தாது. லோட் டேட்டா கட்டளையில் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இந்த முறை எதற்கும் மசியாத தரவு

ஹெக்ஸ் எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்தாக இருந்து, ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தால் அது குறியேற்றக் கோளாறே அல்ல. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய தளங்களில் இது சகஜம். வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை இருப்பதால், எந்த எழுத்துரு என்று அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கான மாற்றியில் ஒவ்வொரு காலமாக மாற்றுங்கள். தொலைபேசி எண், மின்னஞ்சல், ஆங்கில முகவரி உள்ள காலங்களை மாற்றியில் போட்டுவிடாதீர்கள். அது அவற்றையும் தமிழாக்கிவிடும்.